மூன்றாவது மணி நேரத்தில் குத்தும் நாற்காலி
வாசகர் கேள்வி – பதில்

அலுவலக நாற்காலி பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். முதுகு சாய்வதைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள் என்று நினைத்தோம். வந்த கடிதங்களோ பெரும்பாலும் உட்காரும் பகுதியைப் பற்றியே இருந்தன: ஃபோம், வலை போன்ற மெஷ், ரெக்சின், பிரம்பு, மேலே போடும் குஷன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

*

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் ரோலிங் சேர் வாங்கினேன். கடையில் உட்கார்ந்து பார்த்தபோது மெத்தை மாதிரி இருந்தது. இப்போது காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டரைக்குள் இரண்டு பக்கமும் எலும்பு குத்துகிறது. "40 டென்சிட்டி ஃபோம் சார், இதுக்கு மேல என்ன வேணும்?" என்கிறார் கடைக்காரர். என் எடை 84 கிலோ. கோளாறு நாற்காலியிலா, என் உடம்பிலா?
– கணினிப் பணியாளர், கோவை

பதில்: முதலில் நாற்காலியைச் சந்தேகியுங்கள். உட்காரும்போது உடல் எடையின் பெரும்பகுதி இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முண்டுகள் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. உள்ளங்கையை அடியில் கொடுத்து ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்தால் இரண்டும் கையில் தட்டுப்படும். அந்த முண்டுகள் பலகையைத் தொடாமல் தாங்கிக்கொண்டு, பாரத்தைச் சுற்றியுள்ள சதைக்கும் தொடைக்கும் பகிர்ந்து கொடுப்பதுதான் ஃபோமின் வேலை. அது செத்துவிட்டால் நீங்கள் உட்கார்ந்திருப்பது உறை போட்ட பிளைவுட்டின் மேல்தான்.

சோதிப்பது எளிது. ஒரு முழங்காலை சீட்டின் நடுவில், வழக்கமாக எலும்பு படும் இடத்தில் ஊன்றி, மெல்ல எடையைப் போடுங்கள். பலகை தட்டுப்பட்டால் ஃபோம் போதவில்லை. பிறகு அதே முழங்காலைச் சீட்டின் முன் மூலையில் ஊன்றிப் பாருங்கள். அங்கே தட்டாமல் நடுவில் மட்டும் தட்டினால், ஃபோம் முதலில் போதுமானதாக இருந்து பிறகு தேய்ந்திருக்கிறது. இரண்டு இடத்திலும் தட்டினால் முதல் நாளே அது உங்கள் எடைக்கானது அல்ல.

கடைக்காரர் சொன்ன 40 டென்சிட்டிக்கு வருவோம். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ இருக்கும் என்ற கணக்கு, அவ்வளவுதான். அது கெட்டித்தன்மை அல்ல. ஒரே 40 டென்சிட்டியில் கை வைத்தால் அமுங்கிப்போகும் ஃபோமும் செய்யலாம், பலகை மாதிரியும் செய்யலாம். ரசாயனக் கலவையை மாற்றினால் போதும். டென்சிட்டி சொல்வது ஆயுளை. எடை குறைந்த ஃபோமில் பொருள் குறைவு, காற்று அதிகம். நுண்ணறைகளின் சுவர்கள் மெலிந்திருப்பதால் தினமும் அமுங்கி எழும்போது சீக்கிரம் உடைகின்றன. கெட்டித்தன்மை சொல்வது உங்கள் எடையை அது இன்று தாங்குமா என்பதை. இரண்டும் வேண்டும். கடையில் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்புகிறார்கள்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. ஃபோமை ஒரு தட்டால் அதன் உயரத்தில் கால் பங்கு அமுக்க எவ்வளவு விசை வேண்டும், 65 சதவீதம் அமுக்க எவ்வளவு வேண்டும் என்று அளப்பார்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்து வருவது சப்போர்ட் ஃபேக்டர். சாதாரண ஃபோமில் இது 2-ஐ ஒட்டி இருக்கும். எச்ஆர் எனப்படும் கூடுதல் எழுச்சியுள்ள ஃபோமில் 2.4, அதற்கு மேலும் வரும். அதாவது உட்காரும்போது மெத்தென்று இறங்கி, இறங்க இறங்க எதிர்ப்பு கூடும். முதல் தொடுதலில் மிருதுவாக இருந்து அப்படியே அடிவரை இறங்கிவிடும் ஃபோம்தான் கடையில் மயக்குகிறது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது மாம்பழத்துக்குச் சரி, நாற்காலிக்கு உதவாது. கடையில் குறைந்தது கால் மணி நேரம் எழாமல் உட்கார்ந்திருந்து பிறகு முடிவு செய்யுங்கள்.

துண்டு ஃபோம் வாங்குபவர்கள் தராசில் சரிபார்க்கலாம். 18 அங்குலத்துக்கு 18 அங்குலம், 2 அங்குல கனமுள்ள துண்டு 40 டென்சிட்டி என்றால் சுமார் 425 கிராம் இருக்க வேண்டும். 32 என்றால் 340 கிராம், 50 என்றால் 530. காய்கறி நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசே போதும். ஆனால் எடையை மட்டும் நம்பவும் முடியாது. சுண்ணாம்புத் தூள் கலந்து எடையை ஏற்றிய ஃபோமும் சந்தையில் இருக்கிறது. வெட்டிய ஓரத்தைக் கறுப்புத் துணியில் அழுத்தித் தேயுங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் வேண்டாம். கூடவே சின்ன இரும்பு பேரிங் குண்டு ஒன்றை அரை மீட்டர் உயரத்திலிருந்து ஃபோமில் போடுங்கள். நல்ல எச்ஆர் ஃபோமில் அது பாதி உயரத்துக்கு மேல் எழும்பும். சாதாரண ஃபோமில் அவ்வளவு வராது. தூள் கலந்ததில் இன்னும் குறையும். அமுக்கினால் மெல்லவே எழும் மெமரி ஃபோமில் பொத்தென்று விழுந்து கிடக்கும். அதன் குணமே அதுதான்.

உங்கள் எடைக்கு சீட்டில் குறைந்தது இரண்டரை அங்குல எச்ஆர் ஃபோம், 50 டென்சிட்டி வேண்டும். நாற்காலியின் மற்ற பாகங்கள் நன்றாக இருந்தால் புதிதாக வாங்க வேண்டாம். அடுத்த பதிலைப் படியுங்கள்.

*

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஆறு நாற்காலிகள். சக்கரம், உயரம் மாற்றும் கேஸ் லிஃப்ட் எல்லாம் நன்றாக இருக்கின்றன, சீட் மட்டும் குழி விழுந்துவிட்டது. குஷன் கடையில் ஒன்றை மாற்றிக் கொடுத்தார்கள்; இரண்டே மாதத்தில் பழையபடி ஆனதோடு, உட்காரும்போதெல்லாம் புஸ்ஸென்று சத்தம் வேறு. நாங்களே மாற்ற முடியுமா?
– சிறுதொழில் நிறுவன மேலாளர், அம்பத்தூர்

பதில்: முடியும். முதல் சீட்டுக்கு அரை நாள் ஆகும், அடுத்ததற்கு ஒன்றரை மணி நேரம். அந்தச் சத்தத்துக்குக் காரணம் பிறகு வருகிறது.

நாற்காலியைக் கவிழ்த்து மேசை மேல் வையுங்கள். சீட்டின் அடியில் இயந்திரத் தட்டை நான்கு போல்ட்டுகள் பிடித்திருக்கும். கைப்பிடி தனியாக வந்தால் பக்கத்துக்கு இரண்டு அல்லது மூன்று. பெரும்பாலும் எம்6 அல்லது எம்8 அளவு. குழி விழுந்த தலை என்றால் 5 அல்லது 6 மில்லிமீட்டர் ஆலன் கீ. கழற்றுமுன் சீட்டின் முன்பக்கம் எது என்று சாக்பீஸால் குறித்துவிடுங்கள். வாஷர்களைத் தொலைக்காதீர்கள். வாஷர் இல்லாமல் முடுக்கினால் போல்ட்டின் நுனி பலகையில் பதித்திருக்கும் டி-நட்டைத் தாண்டி மேலே வந்து ஃபோமைக் குத்தும். பழுது பார்த்த பிறகு ஒரே இடத்தில் ஊசி மாதிரி குத்துகிறது என்பவர்களின் நாற்காலியில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

அடியில் உள்ள கறுப்புத் துணியை எடுத்துவிட்டு, ஸ்டேப்ளர் பின்களைத் தட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, குறட்டால் பிடுங்குங்கள். உறையைக் கிழிக்க வேண்டாம். மறுபடி போடவோ, புதியதற்கு மாதிரியாகவோ உதவும். பழைய ஃபோமைச் சுரண்டியெடுத்துப் பலகையைப் பாருங்கள். விரிசல் இருந்தால் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் புதிதாக வெட்டிக்கொள்ள வேண்டும். டி-நட்டுகள் ஆடினால் சுத்தியலால் மேலிருந்து தட்டி இறுக்குங்கள், இப்போதே. மூடிய பிறகு அதற்கு வழியில்லை.

ஒரு சீட்டுக்கு 20 அங்குலச் சதுரத்தில் இரண்டு துண்டுகள் வாங்குங்கள்: அடியில் ஒன்றரை அங்குலம், 50 டென்சிட்டி, கெட்டியானது, மேலே ஒரு அங்குலம், 40 டென்சிட்டி எச்ஆர் அல்லது லேடெக்ஸ். மூன்று அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். உறை எட்டாது; கைப்பிடிக்கும் சீட்டுக்கும் இடைவெளி குறைந்து தோள் தூக்கிக்கொள்ளும். பலகையைத் துண்டின் மேல் வைத்து வரைந்து, சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டுங்கள். அந்த ஒரு சென்டிமீட்டர்தான் உறையை விறைப்பாக வைத்திருக்கும். புதிய கட்டர் பிளேடை முழுக்க நீட்டி, ஒரே திசையில் இழுத்து வெட்டினால் ஓரம் பிசிறாது.

முன் விளிம்பில் கவனமாக இருங்கள். அடித்துண்டின் முன் ஓரத்தை, கீழ்ப்பக்கமாக இரண்டு அங்குல அகலத்துக்குச் சரிவாகச் சீவிவிட்டு, மேல்துண்டை அதன் மேல் மடக்கி பலகையின் முகப்பில் ஒட்டுங்கள். விளிம்பு அருவி மாதிரி வளைந்து இறங்கும். தொடையின் அடியில் எதுவும் அறுக்காது. குஷன் கடைகளில் நேரம் மிச்சம் பிடிப்பதற்காக விட்டுவிடும் வேலை இது.

பசை ரப்பர் வகையாக இருக்கட்டும். மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை காய்ந்தால் தகடாகிவிடும். இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, கையில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, பிறகு சேர்த்து அழுத்துங்கள். எலும்பு படும் நடுப்பகுதியில் பசையே வேண்டாம், ஓரங்களில் போதும். நெடி போக ஓர் இரவு காற்றாட வையுங்கள். அதன் மேல் ஒரு சுற்று பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு.

உறையை மாட்டும்போது முன், பின், இடம், வலம் என்று நடுவில் ஒவ்வொரு பின் அடித்து நிலைப்படுத்திவிட்டு, அங்கிருந்து மூலைகளை நோக்கிப் போங்கள். ஒரு பக்கத்தை முழுக்க அடித்து முடித்துவிட்டு எதிர்ப்பக்கம் போனால் துணி கோணும். 12 மில்லிமீட்டர் பலகைக்கு 8 மில்லிமீட்டர் பின். 9 மில்லிமீட்டர் பலகையில் 10 மில்லிமீட்டர் பின் அடித்தால் மறுபக்கம் எட்டிப் பார்க்கும்.

இப்போது அந்தப் புஸ். ரெக்சின் உறைக்குள் ஃபோம் அமுங்கும்போது உள்ளே இருக்கும் காற்றுக்கு வழி வேண்டும். பலகையில் துளை இல்லையென்றால் அது தையல் ஓட்டைகள் வழியாகப் பீறிடும். நாளடைவில் தையலும் பிரியும். பலகையில் 10 மில்லிமீட்டர் துளைகள் நான்கு போட்டால் சத்தம் நின்றுவிடும். உறை வழுக்கிக்கொண்டு ஏறுவதற்காகச் சில கடைகளில் ஃபோமின் மேல் பாலித்தீன் தாளைச் சுற்றி அப்படியே விட்டுவிடுவார்கள். உங்கள் சீட்டில் அது இருந்தால் எடுத்து எறியுங்கள். இரண்டு மாதத்தில் குழி விழுந்ததற்குக் காரணம் தனி: அவர்கள் போட்டது எடை குறைந்த பேக்கிங் ஃபோமாக இருக்கும். கழற்றிய துண்டைத் தராசில் வையுங்கள், தெரிந்துவிடும்.

*

கேள்வி: கறுப்பு "லெதர்" நாற்காலி, இரண்டரை வருடம்தான் ஆகிறது. செதில் செதிலாக உரிந்து புடவையெல்லாம் ஒட்டுகிறது. பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்த இன்னொன்றும் இப்போது பிரித்துப் பார்த்தால் உரிந்திருக்கிறது. உட்காரவே இல்லையே?
– தனியார் பள்ளி அலுவலர், தூத்துக்குடி

பதில்: உட்கார்ந்ததால் அல்ல, உங்கள் ஊர்க் காற்றால். அது தோல் இல்லை. பாலியஸ்டர் துணியின் மேல் மெல்லிய பாலியூரிதேன் படலம் ஒட்டிய பியூ லெதர். அந்தப் படலத்தின் மலிவான வகைகள் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து மெல்ல மெல்லச் சிதையும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த கடற்கரை ஊரில் அது வேகமாக நடக்கும். பெட்டிக்குள் இருந்தாலும் நடக்கும். "பாண்டட் லெதர்" என்று விற்பதும் தோல் தூளைப் பசையில் குழைத்துத் துணியில் பூசி, மேலே பியூ படலம் போட்டதுதான். அதற்கும் இதே கதி.

பிவிசி ரெக்சின் வேறு. அது ஈரத்தில் உரியாது. ஆனால் அதை வளைய வைக்கும் எண்ணெய்ப் பொருள் வருடக்கணக்கில் கசிந்து போக, விறைத்து, மடிப்பில் வெடிக்கும். தலை சாயும் இடத்திலும் கை வைக்கும் இடத்திலும் இரண்டுமே முதலில் போவதற்குத் தலையில் தேய்க்கும் தேங்காய் எண்ணெயும் வியர்வையும் ஒரு காரணம். சானிடைசரால் தினம் துடைப்பது இன்னொன்று; வெறும் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும்.

எது பியூ, எது பிவிசி என்று தெரிய, கடையில் ஒரு துண்டு வாங்கி வீட்டு வாசலில் சோதிக்கலாம். தாமிரக் கம்பியின் நுனியைப் பழுக்கச் சுட்டு, துண்டின் மேற்பரப்பில் தொட்டுவிட்டு மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் பிவிசி. மூடிய அறையில் செய்யாதீர்கள், புகையை முகராதீர்கள்.

உரிந்ததை ஒட்ட வழியில்லை. பூச்சு வாங்கி அடித்தால் ஒரு பருவம் தாங்கும், பிறகு அடுத்த இடம் உரியும். உறையை மாற்றுங்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வரும் உண்மைத் தோல் போடலாமே என்றால், உட்கார இதமானதுதான், வியர்வையைக் கொஞ்சம் உள்வாங்கும். ஆனால் உங்கள் ஊர் ஐப்பசி கார்த்திகையில் மூடிய அறையில் பூஞ்சை பிடிக்கும். எங்கள் யோசனை நெய்த பாலியஸ்டர் துணி. தேய்மானத்துக்கு மார்ட்டின்டேல் என்று ஓர் எண் கொடுப்பார்கள். தினமும் எட்டு மணி நேரம் உட்காரும் சீட்டுக்கு அது 40,000-க்கு மேல் இருக்கட்டும்.

*

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஏசி கிடையாது. சித்திரை, வைகாசியில் ரெக்சின் சீட்டில் உட்கார்ந்து எழுந்தால் வேட்டி நனைந்திருக்கிறது, வேர்க்குரு வேறு. மெஷ் வாங்குவதா, பழைய பிரம்பு நாற்காலியையே சரி செய்வதா?
– பத்திர எழுத்தர், மதுரை

பதில்: பிரம்பு கைவசம் இருந்தால் அதையே சரி செய்யுங்கள். ஃபோம் வெப்பத்தைக் கடத்தாது, ரெக்சின் ஈரத்தை விடாது. உடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் வெப்பம் ஏறி, வியர்வை ஆவியாக வழியின்றி அங்கேயே நிற்கிறது. நனைந்த தோல் துணியோடு அதிகம் உராயும். வேர்க்குரு, கொப்புளம், தொடை இடுக்கில் புண் எல்லாம் அங்கிருந்துதான். பிரம்புப் பின்னலில் எண்கோணத் துளைகள் வழியாகக் கீழிருந்து காற்று வரும். மின்விசிறியே இல்லாத காலத்தில் நம் கோர்ட்டுக் கச்சேரிகளிலும் தாலுகா ஆபீசுகளிலும் பிரம்பு நாற்காலி நிலைத்ததற்கு இது போதுமான காரணம்.

தொய்ந்த பிரம்பை இறுக்க ஒரு பழைய முறை. இழைகள் அறுந்திருக்கக் கூடாது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாற்காலியைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்பக்கத்தில் சுடுநீரில் நனைத்த துணியை விரித்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். மேல்பக்கம் பளபளப்பான தோல் இருப்பதால் நீர் உள்ளே போகாது, அடிப்பக்கம்தான் உறிஞ்சும். பிறகு நிழலில், காற்றோட்டமாக, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். காயும்போது இழை சுருங்கி முரசுத் தோல் மாதிரி விறைக்கும். ஈரம் இருக்கும்போதே யாராவது உட்கார்ந்தால் முன்னைவிட அதிகமாகத் தொய்ந்துவிடும். வெயிலில் காயவைத்தால் இழை நொறுங்கும். பிளாஸ்டிக் வயர் பின்னலுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அதை அவிழ்த்துத்தான் இழுத்துக் கட்ட வேண்டும்.

பிரம்பு நாற்காலியின் குறை, முன் சட்டம். மரம் தொடையை அழுத்தும். தச்சரிடம் சொல்லி அதன் மேல் முனையை அரைவட்டமாக இழைக்கச் சொல்லுங்கள்.

அதுவரை ரெக்சின்தான் என்றால் துண்டு போடுங்கள். அதிகாரிகளின் நாற்காலியில் துண்டு தொங்குவதை அந்தஸ்து என்று கேலி செய்கிறோம். வியர்வைக் கணக்கில் அது முழுக்க நியாயமான ஏற்பாடு. ஒற்றை மடிப்பு, சுருக்கமில்லாமல், மதியம் ஒரு முறை மாற்ற வேண்டும். நனைந்த துண்டு ரெக்சினைவிட மோசம்.

*

கேள்வி: அலுவலகத்தில் உட்காரும் பகுதியும் மெஷ்ஷாக இருக்கும் நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். வியர்வை இல்லை. ஆனால் மதியத்துக்குள் தொடையின் பின்புறம் மரத்துவிடுகிறது. மேலே ஒரு குஷன் போடலாமா? என் உயரம் 152 செ.மீ.
– வாசகி, சிங்கப்பூர்

பதில்: குஷன் வேண்டாம், சீட் இன்னும் உயர்ந்து தொந்தரவு கூடும். மெஷ் என்பது சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை. நடுவில் நீங்கள் இறங்க, முன் சட்டம் இறங்காமல் நிற்கும். உங்கள் உயரத்துக்கு நாற்காலி உயரமாகவோ ஆழமாகவோ இருந்தால் அந்தச் சட்டம் தொடையை அறுக்கும். ஃபோம் சீட் சின்னத் தவறுகளை மன்னிக்கும், மெஷ் மன்னிக்காது.

முழங்காலின் பின்புறத்துக்கும் சீட்டின் முன் விளிம்புக்கும் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லையா, சீட்டைப் பின்னால் தள்ளும் விசை இருக்கிறதா பாருங்கள். பாதம் முழுதாகத் தரையில் படியும் வரை சீட்டை இறக்குங்கள். மேசை உயரமாகிவிட்டால் சீட்டை ஏற்றிவிட்டுக் காலடியில் பலகை வையுங்கள். இவ்வளவும் செய்து தீரவில்லையென்றால் அந்த அளவு உங்களுக்கானது அல்ல, மாற்றிக் கேளுங்கள். 1994-இல் பில் ஸ்டம்ஃபும் டான் சாட்விக்கும் ஹெர்மன் மில்லருக்காக வடிவமைத்த ஏரான் நாற்காலிதான் ஃபோமே இல்லாத மெஷ் சீட்டைப் பிரபலமாக்கியது. அதை ஏ, பி, சி என்று மூன்று அளவுகளில் விற்கிறார்கள். வலை யாருக்கும் வளைந்து கொடுக்கும், சட்டம் கொடுக்காது. அளவு முக்கியமாவது அதனால்தான்.

பழைய மெஷ் என்றால் தொய்வையும் பாருங்கள். யாரும் உட்காராதபோது ஒரு நீள ஸ்கேலைக் குறுக்கே வையுங்கள். புதிதாக இருந்ததைவிட நடுவில் நன்றாகப் பள்ளம் தெரிந்தால் வலை தளர்ந்துவிட்டது. தொட்டிலில் உட்கார்ந்த மாதிரி தொடைகள் உள்ளே சாயும், பக்கச் சட்டம் இடுப்பை நெருக்கும். இதை இறுக்க முடியாது. சட்டத்தோடு சேர்த்து சீட்டையே மாற்ற வேண்டும். மெஷ்ஷின் உண்மையான செலவு அதுதான்.

*

கேள்வி: வழுக்கி விழுந்ததில் வால் எலும்பில் அடி. ஜெல் குஷன், மெமரி ஃபோம், நடுவில் ஓட்டை உள்ள வளையம், மூன்றும் கடையில் காட்டுகிறார்கள். எதை வாங்க?
– வங்கி ஊழியர், திருச்சி

பதில்: எதைத் தொடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் பிரச்சினை; பொருளைவிட வடிவம் முக்கியம். பின்பக்கம் ஆங்கில யூ எழுத்துப் போல வெட்டு விட்ட குஷன் வாங்குங்கள், வால் எலும்பு அந்த வெட்டில் அந்தரத்தில் நிற்கும். வெட்டு பின்னால் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டு உட்காருபவர்கள் உண்டு. வளையம் வேண்டாம். அது சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.

மெமரி ஃபோம் 1960-களில் நாசாவுக்காக விமான இருக்கையை மனத்தில் வைத்து உருவானது. உடல் சூட்டில் இளகி உங்கள் அச்சுக்கு வரும். இரண்டு சங்கடங்கள்: குளிர்ந்த ஏசியில் முதல் பத்து நிமிடம் கட்டையாக இருக்கும்; சூடேறிய பிறகு குழியில் சிக்கியது போல நகர்ந்து உட்காரச் சிரமம், வெப்பமும் தங்கும். ஜெல் குளிர்ச்சியாகத் தெரிவது, அது உங்கள் சூட்டை வாங்கிக்கொள்ளும் வரைதான். பிறகு அதுவும் உடல் சூட்டுக்கு வந்துவிடும், சீக்கிரம் ஆறவும் ஆறாது. ஏசி உள்ள வங்கியில் உங்களுக்கு 50 டென்சிட்டிக்குக் குறையாத மெமரி ஃபோம் போதும்.

குஷன் எவ்வளவு கனமோ அவ்வளவு நாற்காலியை இறக்க வேண்டும். குழி விழுந்த சீட்டின் மேல் எந்தக் குஷனும் வேலை செய்யாது, அதுவும் குழிக்குள் மடங்கும். வலி மூன்று நான்கு வாரத்தில் குறையாவிட்டாலோ காலில் மரப்பு இறங்கினாலோ குஷன் கடை வேண்டாம், எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

*

கேள்வி: இலவம்பஞ்சுத் திண்டு தைத்துப் போட்டால் உடம்புக்குக் குளிர்ச்சி என்கிறார் அம்மா. சரியா?
– வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: உங்கள் ஊரில் கிடைப்பது நல்ல பஞ்சு, அம்மா சொல்வதும் பொய்யில்லை. பருத்தி உறைக்குள் காற்றோட்டம் உண்டு, ரெக்சின் போலப் புழுங்காது. ஆனால் இலவம் இழை உள்ளீடற்றது, எண்பது கிலோவின் அடியில் தினமும் நசுங்கினால் சில மாதங்களில் தட்டையாகிவிடும். தலையணைக்கு ஏற்றது, தனியாக ஒரு சீட்டுக்குப் போதாது. நல்ல ஃபோம் சீட்டின் மேல் ஒரு அங்குலத் திண்டாகப் போடுங்கள். நடுவில் நாலு இடத்தில் முடிச்சுத் தையல் போட்டால் பஞ்சு ஓரத்துக்கு ஒதுங்காது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை வெயிலில் போட்டுத் தட்டினால் மீண்டும் உப்பும்.

*

கேள்வி: ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். பணியாளர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டது. குஷன் ஸ்டூல் போடச் சொல்கிறதா?
– ஈரோடு

பதில்: இல்லை. தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திச் சேர்த்த 22-ஏ பிரிவு, வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்கும்படி ஆகாமல், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை இருக்க வேண்டும் என்கிறது. கேரளம் 2018-இலேயே இதைச் செய்துவிட்டது. பத்து நிமிடம் உட்கார்ந்து எழும் இடத்தில் தடித்த குஷன் தேவையில்லை. ஒரு அங்குலக் கெட்டி ஃபோம், மேலே துணி உறை போதும். பிளாஸ்டிக் ஸ்டூலும் பரவாயில்லை. அதன் நடுவில் இருக்கும் ஓட்டை காற்றுக்காக அல்ல, அடுக்கி வைத்தால் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளாமல் இருக்க. கவுண்டர் உயரத்துக்குப் பொருந்துகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். முக்கியமாக, பணியாளர் நிற்கும் இடத்திலேயே அது இருக்கட்டும். கிடங்கில் அடுக்கி வைத்தால் பயனில்லை.

*

கேள்வி: புது அலுவலகத்துக்கு மாறினோம். பழைய நாற்காலிகளை எடுத்து வந்த பிறகு எல்லோருக்கும் தொடையில் அரிப்பு, தடிப்பு. துணியின் ஒவ்வாமையா?
– கணக்கர், விருதுநகர்

பதில்: எல்லோருக்கும் என்றால் ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு குறைவு. மூட்டைப்பூச்சியா என்று பாருங்கள். சீட்டைக் கவிழ்த்து, அடியில் உள்ள கறுப்புத் துணியின் ஓரத்தில் டார்ச் அடியுங்கள். ஸ்டேப்ளர் பின் வரிசையிலும் தையல் மடிப்பிலும் மிளகுத்தூள் தெளித்தது போலக் கரும்புள்ளிகள் இருந்தால் அதுதான். அடித்துணியைக் கிழித்தெடுத்துப் பையில் போட்டுக் கட்டி எரித்துவிடுங்கள். மருந்தை ஃபோமில் அடிக்காதீர்கள், உள்ளே ஊறி அதன் மேலேயே நாள் முழுக்க உட்கார நேரும். சூடுதான் வழி. 50 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் பூச்சியும் முட்டையும் சாகும். நீராவி இஸ்திரிப் பெட்டியைத் தையல் வரிசையில், மிக மெதுவாக, இரண்டு முறை ஓட்டுங்கள். வேகமாக ஓட்டினால் மேல் துணி மட்டும் சுடும். ரெக்சின் மேல் நீராவி படக் கூடாது, குமிழி விடும். பத்து நாள் கழித்து மறுபடி ஒரு முறை செய்யுங்கள், தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். சுவரோரமாக நிறுத்தியிருக்கும் நாற்காலிகளையும் விட்டுவிடாதீர்கள்.